விறகும் நிலக்கரியும் எரியும் சின்னக் கணப்படுப்பு: அடுப்பைத் தேர்ந்தெடுத்ததில் எங்கே சறுக்கியது? பார்த்ததை எழுதுங்கள்

சாம்பல்தட்டு

8 கிலோவாட் அடுப்பு. அறை 4.5 மீட்டருக்கு 4, கூரை உயரம் 2.4. இவ்வளவு சொன்னதுமே விவரம் தெரிஞ்சவங்களுக்கு மிச்சம் புரிஞ்சிருக்கும். எரிச்சது மூணே வாரம். கதவுக் கண்ணாடியில நகத்தை வெச்சு இழுத்தா கறுப்பு மெழுகு மாதிரி சுருண்டு வருது. தார் காய்ச்சுற இடத்துல நிக்கிற மாதிரி வாடை.

அறையோட கன அளவு 43 கன மீட்டர். ஓரளவு வெப்பக் காப்பு உள்ள வீடுன்னா 14-ஆல வகுக்கணும், 3.1 கிலோவாட் வரும். இடுக்கெல்லாம் காத்து நுழையுற பழைய வீடா? 10-ஆல வகுத்துக்கோங்க, அப்பவும் 4.3தான். இறுக்கமாக் கட்டின புது வீட்டுக்கு 25-ஆல வகுத்தா 2 கூட வராது. 8 எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா, “கடுங்குளிருக்கு இருக்கட்டுமே”ன்னு பதில்.

அரை மணியில அறை வெந்துடும். உடனே காத்தை அடைப்பாங்க. உள்ள விறகு எரியாம புழுங்கும். அந்தப் புகைதான் கண்ணாடியில மெழுகாப் படியுது, புகைக்குழாய்க்குள்ள யாரும் பாக்காம இன்னும் தடிமனாப் படியுது. ஒரு நாள் அதுவே பத்திக்கும். பெரிய அடுப்பைக் குறைச்சு எரிச்சுக்கலாம்னு சொல்றவங்க பேச்சை நம்பாதீங்க.

விறகுக்கட்டு

சாம்பல்தட்டு சார், கணக்கு சரிதான். ஆனா அதை மட்டும் பிடிச்சுக்கிட்டு 3.5 கிலோவாட் அடுப்பு எடுத்த வீட்டுல நடந்ததையும் சொல்லணும். அடுப்போட வயித்துக்குள்ள 25 சென்டிமீட்டர் கட்டைக்கு மேல போகாது. வாங்கி அடுக்கி வெச்சிருந்ததோ 33 சென்டிமீட்டர் வெட்டு, ஒரு குளிர்காலத்துக்கானது. கட்டையைக் குறுக்கால சாய்ச்சு, நுனி கண்ணாடியைத் தொட்டுக்கிட்டு நிக்க, கதவை முழங்காலால தள்ளி மூடினாங்க. ‘டிக்’னு சின்னதா ஒரு சத்தம். கீழ் மூலையிலேர்ந்து மேல வரைக்கும் முடி மாதிரி ஒரு கோடு. அந்தக் கண்ணாடி 700 டிகிரி சூட்டைத் தாங்கும். கட்டை முட்டுறதைத் தாங்காது.

இன்னொண்ணு, தகட்டுல அச்சடிச்சிருக்குற கிலோவாட் அடுப்போட உச்சம் இல்லை. சோதனையில குறிப்பிட்ட எடை விறகை, குறிப்பிட்ட இடைவெளியில போட்டு எடுத்த சராசரி அது. கரிக்கு ஒரு எண், விறகுக்கு ஒரு எண்ணுன்னு ரெண்டு தனித்தனியா இருக்கும். கடையில பெருசா எழுதி வெச்சிருக்கறது எந்த எண்ணுன்னு கேளுங்க. 20 சதவீத ஈரம் உள்ள விறகு கிலோவுக்குச் சுமார் 4 கிலோவாட்-மணி சூடு தரும். அடுப்போட திறன் 78 சதவீதம்னா, 5 கிலோவாட் வேணும்னா மணிக்கு 1.6 கிலோ உள்ள போயாகணும். சின்ன வயித்துல ஒரு தடவைக்கு ஒரு கிலோ சொச்சம்தான் பிடிக்கும். அதாவது முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்திருக்கணும். ராத்திரி முழுக்க விறகுலயே தணல் நிக்கும்னு யாராச்சும் சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க. அதுக்குக் கரிதான்.

கிராதி

எல்லாரும் கிலோவாட்டையே பிடித்துத் தொங்குகிறீர்கள். நான் சொல்லவந்தது அடியில் எரிபொருளைத் தாங்கி நிற்கும் கம்பித் தட்டை, அதாவது கிராதியைப் பற்றி.

வார்ப்பிரும்புக் கிராதி, நடுவில் தொட்டில் போலத் தொய்ந்துவிட்டது. இரண்டு கம்பிகள் உருகிய மெழுகுவர்த்தி மாதிரி வளைந்து சாம்பலுக்குள் தலையைக் கவிழ்த்திருந்தன. “மட்டமான இரும்பு” என்றார் வீட்டுக்காரர். இரும்பின் மேல் குற்றமில்லை. சாம்பல் தட்டை இழுத்துப் பார்த்தால் கூம்பாகக் குவிந்து கம்பியை முட்டிக்கொண்டு நின்றது.

கரி எரியும்போது கிராதியைக் காப்பாற்றுவது கீழிருந்து ஏறும் காற்றுதான். எரிப்பதும் அது, கம்பியைக் குளிர வைப்பதும் அது. சாம்பல் முட்டிவிட்டால் குளிர்ச்சி போச்சு. மேலே தணல், கீழே சூட்டைப் பொத்தி வைக்கும் சாம்பல், நடுவில் கம்பி என்ன செய்யும்? பெட்ரோலியக் கோக் (எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி) கலந்த கட்டிகளைப் போட்டால் இன்னும் சீக்கிரம் நடக்கும். அதன் சூடு அவ்வளவு கடுமை. பல அடுப்புகளின் கையேட்டில் அதைப் போடாதே என்றே எழுதியிருக்கும். கிராதி போனால் உத்தரவாதமும் போச்சு.

விறகு இதற்கு நேர்மாறு. அதற்குக் காற்று மேலிருந்து வர வேண்டும், அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சாம்பல் மெத்தை இருக்க வேண்டும். பற்றியதும் கீழ்க்காற்றை அடைத்துவிட வேண்டும். கரிக்கோ கிராதி சுத்தமாக, கீழ்க்காற்று திறந்து, தினமும் உலுக்கிவிட வேண்டும். ஆகவே ‘இரண்டும் எரியும்’ என்று போட்டிருந்தால் காற்றுத் திருகு இரண்டும் தனித்தனியா, கீழ்க்காற்றை முழுக்க அடைக்க முடிகிறதா என்று பாருங்கள். சில சின்ன அடுப்புகளில் ஒரே நெம்புகோல் இரண்டையும் சேர்த்து இழுக்கும். அது எனக்குப் பிடிப்பதில்லை.

கடையிலேயே கிராதியைக் கையால் வெளியே எடுத்துப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். உலுக்கும் கம்பி கதவு மூடியிருக்கும்போதே வேலை செய்ய வேண்டும். கரிச் சாம்பல் உருகிக் கட்டியாகும் கிட்டம் பல்லுக்கிடையில் மாட்டிக்கொண்டால் எப்படி எடுப்பது என்று கேளுங்கள். விற்பவர் முழித்தால் அடுத்த அடுப்புக்கு நகரலாம்.

புகைக்கூண்டு

சுருக்கமா. புகைக்குழாயைப் பெருக்கி ஒரு மாசம்கூட ஆகலை, பத்தவெச்சா புகை அறைக்குள்ள வருது. எல்லாரும் மேலயே பாத்துட்டு இருந்தாங்க, பறவைக் கூடா, மூடி அடைச்சிடுச்சான்னு. அடுப்போட உள்கூரையில இருக்குற தடுப்புப் பலகையைத் தூக்கினதும் ஒரு முறம் கரிப்பொடி சரிஞ்சு விழுந்துச்சு. பெருக்கும்போது மேலேர்ந்து கொட்டினது முழுக்க அந்தப் பலகை மேல உக்காந்திருக்கு. புகை போக ரெண்டு விரல் சந்துதான் மிச்சம்.

பலகையைக் கழட்டாம பெருக்கினா பெருக்கினதே இல்லை. வாங்கும்போதே விற்பவர் எதிர்ல கழட்டிப் பாருங்க. ரெண்டு கையால சாய்ச்சு இறக்குற மாதிரி இருந்தா நல்லது. உள்ளே போல்ட் போட்டு முடுக்கினதுன்னா ரெண்டு குளிர்காலத்துல துருப்பிடிச்சு அப்படியே இறுகிடும், அப்புறம் ஒருத்தரும் கழட்ட மாட்டாங்க.

இதே அடைப்பு புகையில்லாக் கரி எரியுறப்ப நடந்தா, கண்ணுக்குப் புகையே தெரியாது, கார்பன் மோனாக்சைடு விஷவாயு மட்டும் வரும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

பழைய இரும்பு

ஒரு வீட்டில் புகைபோக்கிக்குள் இறக்கிய உள்குழாய் நாலே வருஷத்தில் சல்லடை. வெளிச்சம் காட்டினால் நட்சத்திரம் மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. அவ்வளவுதான் கதை.

ஆனால் புதிதாக வாங்க நினைப்பவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் சிலதைச் சொல்லிவைக்கிறேன். முதலில் உள்குழாய். எவர்சில்வர் என்று பொதுவாகச் சொல்வார்கள், அது போதாது. 316 தரம் விறகுக்கு. கரியும் போடுவேன் என்றால் 904 தரம்தான். கரியில் கந்தகம் இருக்கிறது. ஈர விறகின் நீராவியோடு சேர்ந்து குழாயின் குளிர்ந்த மேல்பகுதியில் அமிலமாக வழியும். கோடை முழுக்க அடுப்பு சும்மா இருக்கும்போது கரிப்பொடி ஈரம் உறிஞ்சி அப்போதும் அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் எரிப்புக் காலம் முடிந்ததும் பெருக்கிவிட வேண்டும். அடுத்த குளிர் வரட்டும் என்று விடக் கூடாது. விறகையும் கரியையும் ஒன்றாகப் போடவே கூடாது. ‘பல எரிபொருள்’ என்பதற்கு ஒரே நேரத்தில் பல என்று அர்த்தமில்லை, இன்று இது, நாளை அது என்றுதான்.

குழாய் விட்டம் அடுப்பில் புகை வெளியேறும் வாயின் விட்டத்துக்குக் குறையக் கூடாது. 125 வாய்க்கு 125, 150 வாய்க்கு 150 மில்லிமீட்டர். அடுப்பிலிருந்து உச்சி வரை 4.5 மீட்டராவது உயரம் வேண்டும். வளைவு 45 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. பின்பக்கம் வாய் உள்ள அடுப்பில் படுக்கையாகப் போகும் துண்டு 150 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், நீண்டால் அங்கேதான் கரிப்பொடி சேரும். புகையைக் குழாய் மேலே இழுக்கும் அழுத்தம், அதாவது இழுவை, 12 பாஸ்கல் இருந்தால் பெரும்பாலான சின்ன அடுப்புகள் ஒழுங்காக எரியும். இதையெல்லாம் அளந்துவிட்டுத்தான் அடுப்புக் கடைக்கே போக வேண்டும். குழாயைப் பார்த்து அடுப்பை வாங்கு என்பேன், எல்லாரும் அடுப்பை வாங்கிவிட்டுக் குழாயைத் தேடுகிறார்கள்.

பின்னால் சுவர் மரமா, மரப்பலகை அடித்ததா என்று பார்க்க வேண்டும். அடுப்பின் தகட்டில் எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று மில்லிமீட்டரில் போட்டிருக்கும். சின்ன அடுப்பு என்றால் சின்ன இடைவெளி போதும் என்று நினைக்கிறார்கள். சின்ன அடுப்பின் உடம்புதான் சில சமயம் அதிகம் கொதிக்கும்.

சாம்பல்தட்டு

பழைய இரும்பு அண்ணே, பார்த்ததை எழுதச் சொன்னா பாடமே எடுத்துட்டீங்க. பரவாயில்லை, உபயோகமாத்தான் இருக்கு. ஆனா ஒரு இடத்துல ஒப்புக்க மாட்டேன். சல்லடை ஆனது தரத்தால மட்டும் இருக்காது. புழுங்கவிட்டு எரிச்சா 904-ம் சீக்கிரம் போகும். குழாய் சூடா இருந்தா அமிலம் எங்க வழியப் போகுது? ஒற்றைச் சுவர்க் குழாய் மேல காந்த வெப்பமானி ஒட்டி, முள்ளு 120 டிகிரிக்கும் 250 டிகிரிக்கும் நடுவுல நின்னுச்சுன்னா பாதிப் பிரச்சினை தீந்துடும். குழாயோட வெளிச்சூடு உள்ள போற புகைச்சூட்டுல பாதி மாதிரிதான், அதையும் ஞாபகம் வெச்சுக்கணும்.

ஊதுகுழல்

கரின்னதும் ஞாபகம் வர்றது ஒண்ணுதான். நல்லாக் கனிஞ்ச தணல் மேல ஒரு வாளி கரியை மொத்தமாக் கொட்டி, காத்தையும் அடைச்சாச்சு. கால் மணி கழிச்சு “மங்கலா இருக்கே”ன்னு கதவைத் திறந்தாங்க. ஒரு நொடி ஒண்ணும் இல்லை. அப்புறம் ‘பொக்’. நெருப்பு வெளிய நாக்கை நீட்டிட்டு உள்ள போயிடுச்சு. சாம்பல் தட்டு தானா முன்னால நகந்து வந்து நின்னுச்சு, குழாய் இணைப்புலேர்ந்து கரிப்பொடி வளையமா இறங்குச்சு.

சூடான புதுக் கரியிலேர்ந்து வாயு வெளியேறி உள்ளேயே தேங்கும். தீக்கொழுந்து இல்லாததால எரியாம காத்துக்கிட்டு இருக்கும். கதவு திறந்ததும் காத்து கிடைச்சு மொத்தமாப் பத்திக்கும். கரியைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடணும், ஒரு பக்கம் தணல் தெரியுற மாதிரி விடணும். போட்டதும் சில நிமிஷம் கீழ்க்காத்து திறந்தே இருக்கட்டும். கதவைத் திறக்குறதுக்கு முன்னாடி காத்துத் திருகைத் திறந்து, கொழுந்து வர்ற வரைக்கும் பொறுக்கணும். அப்புறமும் கதவை ஒரு விரல் அளவு திறந்து நிறுத்தி, பிறகுதான் முழுசா.

ஜன்னலோரம்

விறகுக்கட்டும் சாம்பல்தட்டும் அறை அளவில் சண்டை போடுகிறீர்கள், காற்று எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. இறுக்கமான வீடு, 5 கிலோவாட் அடுப்பு, எல்லாம் கணக்குப்படி. அடுத்த அறையில் சமையல் புகையை வெளியே தள்ளும் மின்விசிறியைப் போட்டதும், அடுப்புக் கதவின் மேல் ஓரத்திலிருந்து புகை நூல் நூலாகப் பின்வாங்கி அறைக்குள் இறங்கியது. விசிறியை நிறுத்தியதும் நின்றது. மறுபடி போட்டதும் மறுபடி. குழாய்க்குள் இழுவை சில பாஸ்கல்தான், விசிறி அதைச் சுலபமாகத் தோற்கடிக்கும்.

பொருத்திய அன்றே எல்லா ஜன்னலையும் சாத்தி, எல்லா விசிறிகளையும் முழு வேகத்தில் ஓட விட்டு இப்படிப் பார்க்க வேண்டும். இறுக்கமான வீடென்றால் வெளியிலிருந்து குழாய் வழியாக நேராகக் காற்று எடுக்கும் வகை அடுப்பைப் பார்க்கலாம். ஆனால் கதவு திறந்திருக்கும் நேரத்தில் அதுவும் அறைக் காற்றைத்தான் இழுக்கும். சுவரில் காற்றுத்துளை வைத்தால் மூடியில்லாததாக வையுங்கள். மூடி இருந்தால் குளிர் அடிக்கிறது என்று யாராவது மூடியே தீருவார்கள்.

புகைக்கூண்டு

மேல சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க. கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் சுவர்ல மாட்டுறதா இருந்தா கூரைக்கு 150 மில்லிமீட்டராவது கீழ. கூரையில மாட்டினா எந்தச் சுவர்லேர்ந்தும் 300 மில்லிமீட்டராவது தள்ளி. அடுப்புலேர்ந்து 1 மீட்டருக்கும் 3 மீட்டருக்கும் நடுவுல. அடுப்புக்கு நேர் மேல வேண்டாம். பத்துலட்சத்துல 50 பங்குன்னா அது அலற ஒரு மணிக்கு மேல ஆகும், 300 பங்குன்னா மூணு நிமிஷத்துக்குள்ள அலறும். உடனே அலறலைன்னா பழுதுன்னு அர்த்தம் இல்லை. சத்தம் கேட்டா முதல்ல ஆளுங்க வெளிய வரணும், அடுப்பை நோண்டுறது அப்புறம்.

விறகுக்கட்டு

ஈரத்தைப் பத்தி ரெண்டு வரி. விறகு வெளிப்பக்கம் 14 சதவீதம்னு மானி காட்டுச்சு. கோடாலியால பிளந்து உள்முகத்துல ஊசியைக் குத்தினா 31. பக்கத்துல நின்னவர் மானி கெட்டுப்போச்சுன்னாரு. மானி நல்லாத்தான் இருந்துச்சு. பிளந்த புதுமுகத்துல, நார் ஓடுற திசையில குத்திப் பாத்து 20-க்குக் கீழ வந்தா உள்ள வைங்க.

கிராதி

சாம்பல் வாளியை யாரும் தொடவில்லை. நீறு பூத்த நெருப்பு என்று பழமொழியில் சொல்லிவிட்டு நிஜத்தில் மறந்துவிடுகிறோம். முந்தின நாள் சாம்பல், தொட்டால் குளிர்ச்சி. பிளாஸ்டிக் வாளியில் கொட்டி, மர நடைமேடையில் வைத்தாயிற்று. விடியற்காலையில் பார்த்தால் வாளியின் அடி உருகி, பலகையில் வட்டமாக ஒரு கரும்பள்ளம், அதன் விளிம்பு இன்னும் சிவப்பு. இரும்பு வாளி, இறுக்கமான மூடி, கல் மேல், மூன்று நாள். கரிச் சாம்பல் செடிக்கு ஆகாது. சுத்தமான விறகுச் சாம்பல் கொஞ்சம் போடலாம்.

விறகுக்கட்டு, உங்கள் 31 சதவீத விறகை அந்தச் சின்ன அடுப்பில் போட்டார்களா இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.