ஆண்டிறுதி வேலையும் அடைமழையும்: மனந்தளராமல் டிசம்பரைக் கடந்த அனுபவங்கள்

அபிவிருத்தி உத்தியோகத்தர், வலிகாமம்

அரச நிதியாண்டு டிசம்பர் 31 உடன் முடிகிறது. அன்றைக்குள் செலவழிக்கப்படாத ஒதுக்கீடு அடுத்த ஆண்டுக்கு வந்து சேராது. ஆனால் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி கிடைப்பதும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான இதே மாதங்களில்தான் என்பதால், வீதிக்குக் கொங்கிறீற்று இடவேண்டிய நேரத்தில் வேலைத்தளத்தில் முழங்காலளவு வெள்ளம் நிற்கும். எடுக்காத லீவு வீணாகிவிடும் என்று பலர் வீட்டில் நின்றுவிடுவார்கள். "இனித் தையில் பார்ப்போம்" என்ற எண்ணம் கந்தோர் முழுவதும் பரவிவிடுவதை நான் பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன்.

அதை மாற்றியவர், எமது கிளைக்கு மாற்றலாகி வந்த ஒரு மூத்த உத்தியோகத்தர். நாங்கள் அவரை அக்கா என்றே அழைப்போம். நவம்பர் முதற் கூட்டத்தில், முடிக்கவேண்டிய வேலைகளைப் பற்றி அவர் கேட்கவில்லை. இந்த ஆண்டில் நிச்சயமாக முடியாதவை எவை என்றுதான் கேட்டார். ஒருவரும் வாய்திறக்கவில்லை. "முடியாததை இப்பவே சொல்லுங்கோ தம்பி, டிசம்பர் இருபதில சொன்னால் அந்தக் காசு ஒருத்தருக்கும் உதவாது" என்றார். நவம்பரிலேயே தெரிந்தால், உரிய அனுமதியைப் பெற்று, மழை தடுக்காத வேறொரு வேலைக்கு அந்த நிதியை மாற்றக் கேட்பதற்காவது அவகாசம் இருக்கும் அல்லவா?

வெள்ளம் வடியாத ஓர் உள்வீதி அந்த ஆண்டு போடப்படாது என்பதைச் சொல்ல, அவருடன் நானும் அவ்வூர்க் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குப் போனேன். ஏச்சு விழும் என்றே எண்ணியிருந்தேன். சங்கத் தலைவரான முதியவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "இவ்வளவு காலமும் நாங்கள்தான் கந்தோருக்கு அலைஞ்சு கேட்டு அறிஞ்சனாங்கள், நீங்கள் தேடி வந்து சொன்னது இதுதான் முதல் தரம்" என்றார். அந்த வார்த்தை எனக்குத் தந்த தெம்பை எந்தப் பாராட்டுக் கடிதமும் தந்ததில்லை. மீதமிருந்த வேலைகள் குறைந்தவை, ஆனால் முடிக்கக்கூடியவை என்பது தெளிவானதும், கிளையில் இருந்த அனைவரும் அவற்றை ஒவ்வொன்றாக முடித்துக் கோடிட்டு வெட்டுவதில் மனமார ஈடுபட்டார்கள். வேலை முடிந்தும் கொடுப்பனவு நடக்காவிட்டால் அது அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டைத் தின்றுவிடும். ஆகவே அளவெடுப்பையும் பற்றுச்சீட்டுகளையும் கடைசி வாரம்வரை வைத்திராமல் அவ்வப்போதே கணக்குக் கிளைக்கு அனுப்பினோம்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர், யாழ். நகரப் பகுதி

மேலே எழுதியவருக்கு இருந்த வழி எமக்கு இல்லை, ஏனென்றால் டெங்கு தொடர்பான வேலையில் எதையும் "முடியாதது" என்று ஒதுக்கிவைக்க இயலாது. நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை அடைய ஏறத்தாழ ஒரு கிழமை முதல் பத்து நாட்களே போதும். ஆகவே இன்று துப்புரவான வளவு, ஒரு மழைக்குப் பின் மறுபடியும் பார்க்கப்படவேண்டிய வளவாகிவிடும். அதற்கு மேலாக, எமது பகுதியில் நோயாளர் தொகை கூடும் காலமும் ஆண்டின் இறுதியும் ஒன்றாகவே வருவதால், டிசம்பர் அறிக்கையில் எமது உழைப்பின் பயன் தெரியாது. ஆண்டுக் கணக்கில் என்னை அளந்து பார்ப்பதை நான் விட்டுவிட்டுக் கிழமைக் கணக்குக்கு மாறியது இதனால்தான். சென்ற கிழமை குடம்பி இருந்த வளவுகளில் இந்தக் கிழமை எத்தனை சுத்தமாயின என்பதை மட்டும் என் குறிப்பேட்டில் எழுதுகிறேன். முன்பு என்னோடு வாக்குவாதப்பட்ட ஒரு தாயார், ஒரு நாள் படலையடியிலேயே காத்துநின்று, "தம்பி, வந்து பாருங்கோ, ஒரு சிரட்டையிலயும் தண்ணி இல்லை" என்று கூப்பிட்டார். அன்று மழையில் நனைந்துகொண்டு இன்னும் பல வீடுகளுக்குப் போகும் மனம் எனக்கு வந்தது.

ஆசிரியை, வடமராட்சி

2024 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை நவம்பர் 25 இல் தொடங்கிச் சீரற்ற காலநிலையால் 27 இல் இடைநிறுத்தப்பட்டு, டிசம்பர் 4 இல்தான் மீண்டும் நடந்தது. பிள்ளைகளைப் போலவே எனக்கும் அந்த இடைவெளியில் சோர்வு தட்டியது. "ரீச்சர், இனி என்னத்தைப் படிக்கிறது?" என்று தொலைபேசியில் கேட்ட மாணவிக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு கடந்தகால வினாவை அனுப்பி, விடையை அன்றிரவே திருத்திக் கொடுத்தேன், கேள்விப்பட்ட மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த விடைகளுக்காகக் காத்திருந்ததே என்னையும் இயங்க வைத்தது.

முதலில் எழுதிய சகோதரரிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். இந்த ஆண்டு முடியாதவை என்று நீங்கள் குறித்துவைத்த வேலைகளை ஜனவரியில் மறக்காமல் கையிலெடுக்கும் பொறுப்பு யாரிடம் விடப்பட்டது? எங்கள் பாடசாலையில் அந்த இடத்தில்தான் எல்லாம் நின்றுபோகிறது.