புதுப்பிப்பு: அக்டோபர் ஜெபமாலையும் என் மகளும்

இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகள், பள்ளியின் அக்டோபர் மாத ஜெபமாலையில் பொறுமையாக உட்கார்வாளா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். வீணாகக் கவலைப்பட்டிருக்கிறேன். ஜெபமாலையில் வரும் 53 அருள் நிறை மந்திரங்களையும் (மாதாவிடம் வேண்டும் ஜெபம்) ஆசிரியை ஒரே மூச்சில் சொல்ல வைக்கவில்லை, நாளுக்குப் பத்துதான். ஒவ்வொன்றுக்கும், மைதானத்தில் பொறுக்கிய உதிர்ந்த இலை ஒன்றைச் சுவரில் மாலைபோல ஒட்டுகிறார்கள். மகளுடையது மேப்பிள் இலை. ஓரமெல்லாம் செக்கச் சிவப்பு, நரம்பில் மட்டும் இன்னும் பச்சை. அதன்மேல் தாத்தாவின் பெயரை எழுதியிருக்கிறாள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று அவருக்காக வேண்டிக்கொள்ளப் போகிறாளாம். பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அதற்கு முந்தைய நாளான நவம்பர் 1, அனைத்துப் புனிதர் விழாவுக்கு மகளுக்கு என்ன வேடம் என்று கேட்டவர்களுக்கு: அசிசியின் புனித கிளாரா என்ற துறவி. பழுப்பு அங்கி பாதி தைத்தாகிவிட்டது.