மியாவடி மின்ஜி ஊ சாவின் பாடல்கள்: ஒலிப்பதிவுகள் கிடைக்குமா?

அனைவருக்கும் வணக்கம். பர்மிய அரசவையில் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் இருந்துகொண்டே பாடல்கள் இயற்றிய மியாவடி மின்ஜி ஊ சா (1766–1853) பற்றிக் கட்டுரை ஒன்று எழுதி வருகிறேன். 1767இல் சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) தலைநகரான அயுத்தியா பர்மியரிடம் வீழ்ந்தபின் சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட சயாமியக் கலைஞர்களின் இசையைத் தழுவி அவர் அமைத்த ‘யோதயா’ பாடல்களும், ‘சவுங்’ என்னும் வில்யாழின் நரம்புகளை 7இலிருந்து 13ஆக அவர் உயர்த்தியதுமே என்னை ஈர்த்தவை. 1824இல் ஆங்கிலேயருடன் மூண்ட போரில் அவர் படை நடத்தியது எனக்கு இரண்டாம்பட்சம்தான். சவுங்கின் வளைந்த கழுத்தில் சிவப்புக் கயிறுகளால் நரம்புகளைக் கட்டி, அந்தக் கயிறுகளை முறுக்கியே சுருதி சேர்ப்பது பழைய வழக்கம் (நம் பழந்தமிழ் யாழை நினைக்காமல் இதைப் பார்க்க முடியவில்லை). யாங்கோனில் வசிப்பவர்களோ பர்மிய மொழி படிக்கத் தெரிந்தவர்களோ இங்கே இருந்தால், சவுங் இசையுடன் பாடப்பட்ட யோதயா பாடல்களின் தெளிவான ஒலிப்பதிவுகளையும், அவற்றின் சுருதி முறையை விளக்கும் நூல்களையும் தெரிவித்து உதவ வேண்டுகிறேன்.