ஹெல்மெட்டுக்குள்ளே மூக்குக்கண்ணாடி: விமானிகளிடம் கேட்டதும் பார்த்ததும்

அமெரிக்கத் தரைப்படை ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி எடுப்பது அலபாமாவின் ஃபோர்ட் ரக்கரில். அதற்குப் பக்கத்து ஊரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். அப்பாச்சி என்கிற போர் ஹெலிகாப்டரை ஓட்டி ஓய்வுபெற்ற விமானி ஒருவர் ரீடிங் கிளாஸ் வாங்க வந்தார். ஃபிரேம் பார்க்கும்போதே பேச்சு பழைய வேலைக்குப் போய்விட்டது.

அப்பாச்சி ஹெல்மெட்டின் வலப்பக்கம் ஒரு குழல் மாட்டுவார்களாம். அதன் முனையில், வலது கண்ணுக்கு நேரே, சாய்வாகச் சின்னக் கண்ணாடி ஒன்று. ராத்திரியில் ஹெலிகாப்டர் மூக்கிலுள்ள கேமரா காட்டுவது, வேகம், உயரம் எல்லாம் அதில்தான் தெரியும். கண்ணை ஒட்டி இருந்தால்தான் படம் முழுசாகக் கிடைக்கும். நடுவில் மூக்குக்கண்ணாடி வந்துவிட்டால் சில மில்லிமீட்டர் விலகும். படத்தின் ஓரம் வெட்டுப்படும். வேகமும் உயரமும் இருப்பதே அந்த ஓரங்களில்தான்! கன்ன எலும்பில் விரலை வைத்து, "இங்கேதான் முட்டும்" என்று காட்டினார்.

ஃபிரேமை மாற்றியமைத்தும் எல்லாருக்கும் ஒத்துவரவில்லை. 1980களின் கடைசியில் ரக்கரிலேயே உள்ள ராணுவ ஆய்வுக்கூடம் காண்டாக்ட் லென்ஸைச் சோதித்தது. புழுதியிலும் காய்ந்த காற்றிலும் அதற்கும் தொல்லை உண்டு. கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரிகிற ஒருவரை, கருவிக்கு இடமில்லை என்று ஒதுக்குவது எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாத விஷயம்.

கடைசியில் அவர் கேட்டது காதுக்குப் பின்னால் வளையாத, நேரான கம்பி வைத்த ஃபிரேம். விமானப்படைக்கு 1958-இல் வந்த எச்ஜியூ-4/பி கண்ணாடியின் பாணி அது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே செருகலாம், உருவலாம். தடித்த கம்பி என்றால் காதுமூடியில் இடைவெளி விழுந்து எஞ்சின் இரைச்சல் உள்ளே வரும்.

மறுமொழி:

அக்கா, நான் பார்த்தது இரவுப்பார்வைக் கருவி. சிங்கப்பூர் விமானக் கண்காட்சியில் ஒரு ஸ்டாலில் ஏஎன்/ஏவிஎஸ்-9 வைத்திருந்தார்கள். எனக்கு மைனஸ் 3. கண்ணாடியைக் கழற்றிவிட்டு வளையத்தைத் திருப்பினேன், பளிச்சென்று தெரிந்தது. மைனஸ் 6 முதல் பிளஸ் 2 வரை அதிலேயே சரிசெய்யலாம். அப்படியானால் கண்ணாடியே வேண்டாமே என்றேன். அங்கிருந்த முன்னாள் விமானி தலையை ஆட்டினார். சிலிண்டர் பவரை, அதாவது கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாத குறையை, அந்த வளையம் திருத்தாது. தவிர, டேஷ்போர்டை விமானி கருவி வழியாகப் பார்ப்பதில்லை, அதற்குக் கீழே வெறும் கண்ணால் பார்க்கிறார். அந்த இடத்தில் கண்ணாடி இல்லாமல் முடியாது. அதனால்தான் கண்ணுக்கும் கருவிக்கும் நடுவே 25 மில்லிமீட்டர் இடம் விட்டிருக்கிறார்களாம்.

போலரைஸ்டு கூலிங் கிளாஸ் மட்டும் காக்பிட்டில் கூடவே கூடாது என்றார். எல்சிடி திரை சில கோணங்களில் கறுத்துப்போகும்.