மானியம் வருகிறது என்பதற்காகக் கட்டலாமா? சிறிய உள்ளாட்சி மன்றத்தின் செலவு முடிவுகள் பற்றி ஒரு விவாதம்

பேரேடு (தொடக்கப் பதிவு)

சில ஆயிரம் பேர் வாழும் பகுதியை நிர்வகிக்கும் ஒரு சிறிய உள்ளாட்சி மன்றத்தை எடுத்துக்கொள்வோம். சமுதாயக் கூடம் கட்டுவதற்கு ஆகும் செலவில் முக்கால் பங்கை அரசு மானியமாகத் தருகிறது; மீதிக் கால் பங்கை மன்றம் தன் கையிருப்பிலிருந்து போட வேண்டும்; நிதியாண்டு முடிவதற்குள் பணியைத் தொடங்காவிட்டால் மானியம் திரும்பிப் போய்விடும். இதை மன்றம் ஏற்க வேண்டுமா என்பதே கேள்வி. ஏற்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு.

மானியம் கட்டுவதற்குத்தான் வருகிறது, நடத்துவதற்கு வருவதில்லை. கூடம் திறந்த மறுநாளிலிருந்து மின்கட்டணம், துப்புரவு, காவலாள் சம்பளம், காப்பீடு, சில ஆண்டுகள் கழித்துத் தளம் ஒழுகினால் அதைச் சரிசெய்யும் செலவு என அனைத்தும் மன்றத்தின் சொந்த வருவாயின் மேல் விழும். சிறிய மன்றங்களின் சொந்த வருவாயில் பெரும்பகுதி சம்பளம், தெருவிளக்கு, குடிநீர் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே போய்விடுவதால், உறுப்பினர்கள் உண்மையில் கூடி முடிவெடுக்கக்கூடிய தொகை மிகச் சிறியது. அந்தச் சிறிய தொகையை இனி வரும் மன்றங்களுக்கும் சேர்த்து இன்றே அடகு வைப்பதற்குப் பெயர் வளர்ச்சி அல்ல.

செங்கல்

பேரேடு அவர்களின் தர்க்கப்படி பார்த்தால் உலகில் எந்த மன்றமும் எதையும் கட்டியிருக்க முடியாது. கையிருப்பு என்பது மன்றத்தின் சேமிப்பு அல்ல, மக்களிடம் வரியாக வாங்கிவிட்டு அவர்களுக்காகச் செலவழிக்காமல் வைத்திருக்கும் பணம். இந்த ஆண்டு வரி கட்டியவர் அதன் பயனை இந்த ஆண்டே எதிர்பார்ப்பதில் என்ன தவறு? நாம் வேண்டாமென்று விட்ட மானியம் அரசின் கருவூலத்தில் கிடந்து உறங்கப் போவதில்லை. பக்கத்து மன்றம் வாங்கிக் கட்டிவிடும், நாம் அவர்களுடைய கூடத்துக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருப்போம். முக்கால் பங்கு இனாமாக வரும்போது மீதிக்குக் கணக்குப் பார்ப்பது யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதைதான்.

பேரேடு

நான் அழுவது அங்குசத்துக்காக அல்ல, தீனிக்காக. அங்குசம் ஒருமுறை வாங்கினால் போதும்.

முன்னாள்_எழுத்தர்

இரு தரப்பும் வரவு செலவுத் திட்டம் என்ற ஆவணம் எப்படித் தயாராகிறது என்பதைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் பேசுவதாகத் தோன்றுகிறது. பெரும்பாலான சிறிய மன்றங்களில் முந்தைய ஆண்டின் தொகையை எடுத்து, அதன்மேல் ஒரு விழுக்காட்டைக் கூட்டி எழுதுவதுதான் வழக்கம். பற்றாக்குறை வந்தால் முதலில் வெட்டப்படுவது பராமரிப்புத் தலைப்பு. ஏனென்றால் சம்பளத்தை வெட்டினால் ஊழியர் கேட்பார், விளக்கை வெட்டினால் தெருவே கேட்கும், மோட்டாருக்கு எண்ணெய் போடாமல் விட்டால் இரண்டு ஆண்டுகளுக்கு யாரும் கேட்கமாட்டார்கள்.

செங்கல் அவர்கள் வாடகைப் பேச்சை எடுத்ததால், நம் கூடத்துக்கு வரும் என்று எதிர்பார்க்கப்படும் வாடகை வருமானத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மதிப்பீட்டில் அதை ஆண்டுக்கு இத்தனை நாள் என்று பெருக்கி எழுதுகிறார்கள். நடப்பில் எல்லாருக்கும் விடுமுறை நாள்கள்தான் வேண்டும், வார நாள்களில் கூடம் பூட்டியே கிடக்கும். அந்த விடுமுறை நாள்களிலும் இந்த அமைப்புக்கு இலவசம், அந்தக் கூட்டத்துக்குப் பாதிக் கட்டணம் என்று மன்றமே தீர்மானம் போட்டுத் தள்ளுபடி செய்துவிடும். நான் பார்த்த வாடகைப் பதிவேடுகளில் ‘கட்டணம்’ என்ற பத்தியைவிடக் ‘குறிப்பு’ என்ற பத்திதான் நிரம்பியிருக்கும்.

செங்கல்

தள்ளுபடி தருவது மன்றத்தின் ஒழுங்கின்மை, அதற்குக் கூடம் என்ன செய்யும்? கையிருப்பைப் பற்றியே பேசுவோம். அமெரிக்காவின் அரசு நிதி அலுவலர் சங்கம், பொது நிதியில் குறைந்தது 2 மாதச் செலவுக்கோ வருவாய்க்கோ ஈடான தொகை கையிருப்பாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. இங்கிலாந்தின் சிற்றூர் மன்றங்களுக்கான கணக்கு வழிகாட்டி, 3 முதல் 12 மாத நிகரச் செலவுக்கு ஈடான பொதுக் கையிருப்பைப் பேசுகிறது. ஆக, எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. அதற்கு மேல் தேங்கியிருக்கும் பணத்தைத் தொடக்கூடாது என்று எந்த வழிகாட்டியும் சொல்லவில்லை.

பேரேடு

அந்த வழிகாட்டியையே முழுவதுமாகப் படித்துக் காட்டியிருக்கலாம். மன்றம் சிறியதாக இருக்க இருக்க 12 மாதத்தை நெருங்கியும், பெரியதாக இருக்க இருக்க 3 மாதத்தை நெருங்கியும் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. பெரிய மன்றத்தில் ஒரு மோட்டார் எரிந்துபோனால் அது நூறில் ஒன்று. சிறிய மன்றத்தில் இருப்பதே அந்த ஒன்றுதான்.

கட்டடத்தில் பணத்தை முடக்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் சான்று உண்டு. இங்கிலாந்தின் நார்த்தாம்டன்ஷயர் மாவட்ட மன்றம் 2017 அக்டோபரில் 5.3 கோடி பவுண்டுச் செலவில் புதிய தலைமையகத்தைத் திறந்தது. 2018 பிப்ரவரியில், கையில் பணமில்லை, புதிய செலவுகள் அனைத்தும் நிறுத்தப்படுகின்றன என்று அதே மன்றத்தின் நிதி அலுவலர் 1988ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவின்கீழ் அறிவிக்க வேண்டி வந்தது. திறந்து சில மாதங்களே ஆன கட்டடத்தை விற்று, அதிலேயே வாடகைக்கு இருக்கும் நிலைக்கு அவர்கள் வந்தார்கள்.

செங்கல்

நார்த்தாம்டன்ஷயர் வீழ்ந்தது கட்டடத்தால் அல்ல. முதியோர், குழந்தைகள் நலச் சேவைகளின் செலவு ஏறிக்கொண்டே போன காலத்தில் பல ஆண்டுகள் வரியை உயர்த்தாமல் வைத்திருந்தார்கள். அதைப் பின்னர் ஆய்வு செய்தவர்களும் நிர்வாகத்தின் நிதிக் கட்டுப்பாடு இல்லாமையைத்தான் முதன்மையாகக் குறை கூறினார்கள். மேலும் அது லட்சக்கணக்கான மக்களைக் கொண்ட மாவட்டம். சிறிய மன்றத்தைப் பற்றிய விவாதத்தில் அதை இழுப்பது பொருத்தமில்லை. அந்தக் கதையிலிருந்து எதையாவது எடுத்தாக வேண்டுமென்றால், வரியை உயர்த்தத் துணியாத மன்றம் எதையும் காப்பாற்றாது என்பதைத்தான் எடுக்க வேண்டும். பராமரிப்புக்குப் பணமில்லை என்று சொல்லும் பேரேடு அவர்கள், வீட்டு வரியைத் திருத்தலாம் என்று இதுவரை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

தெருமுனை

கட்டலாமா வேண்டாமா என்று நீங்கள் மூவரும் முடிவுசெய்துகொண்டிருக்கிறீர்கள். இந்த முடிவு யாருடையது? பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் மக்கள் பங்கேற்கும் வரவு செலவுத் திட்ட முறையைத் தொடங்கி, நகரத்தை 16 வட்டாரங்களாகப் பிரித்து, முதலீட்டுச் செலவில் எது முதலில் வேண்டும் என்று மக்களையே வரிசைப்படுத்தச் சொன்னது. கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டமிடல் இயக்கத்தின்போது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டு, எதற்குச் செலவழிப்பது என்பது கிராம சபைகளில் பேசப்பட்டது. கூடம் வேண்டுமா, வடிகால் வேண்டுமா என்பதைப் பயன்படுத்தப் போகிறவர்களிடம் கேட்டுவிட்டால் இந்த விவாதமே தேவைப்படாது.

பேரேடு

கேட்டால் கூடம் என்றுதான் சொல்வார்கள். எந்தக் கூட்டத்திலும் ‘பழைய குழாயை மாற்றுங்கள்’ என்ற கோரிக்கைக்குக் கைதட்டல் விழுந்து நான் பார்த்ததில்லை.

தெருமுனை

போர்ட்டோ அலெக்ரேயின் ஏழை வட்டாரங்கள் முதலில் கேட்டவை சாலைக்குத் தளமும் கழிவுநீர் வசதியும்தான். மக்களுக்குப் பொறுப்பில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், அவர்களிடம் எந்தக் கேள்வி வைக்கப்படுகிறது என்பதைப் பாருங்கள். ‘கூடம் வேண்டுமா?’ என்று கேட்டால் யாரும் ஆம் என்பார்கள். ‘கூடம் வேண்டுமென்றால் ஆண்டுதோறும் இவ்வளவு வரி கூடும், சம்மதமா?’ என்று கேட்டால் பேச்சு வேறாகும்.

முன்னாள்_எழுத்தர்

தெருமுனை சொல்வது சரி என்றாலும், மக்களோ மன்றமோ சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கக்கூடிய தொகை நாம் நினைப்பதைவிடக் குறைவு. இந்தியாவில் 15ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. அதுவாவது பராமரிப்பையும் உள்ளடக்கிய நல்ல நோக்கம். புதுக் கட்டடத்துக்கு மட்டும் என்று வரும் மானியமோ, இருக்கும் கூரையைப் பழுதுபார்க்க ஒரு காசு தராது. ஆகவே பழைய கூரையை விழவிட்டுப் புதிய கூரை போடுவது மன்றத்துக்கு லாபமாகத் தெரிகிறது.

நான் மன்றத்தில் இருந்தால் இப்படித் தீர்மானம் வைப்பேன்: மானியத்தை ஏற்கிறோம், ஆனால் அடுத்த 10 ஆண்டுகளுக்கான நடப்புச் செலவு, தேய்மானம் (கட்டடம் பழையதாக ஆக ஆண்டுதோறும் குறையும் மதிப்பு), அவற்றுக்கு ஈடாகும் வருவாய் ஆகியவற்றைக் காட்டும் அறிக்கை இணைக்கப்பட்ட பிறகே ஒப்பந்தப்புள்ளி கோரப்படும்.

செங்கல்

நடப்புச் செலவைக் காட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, வரி உயர்வையும் அதிலேயே எழுதுங்கள். தேய்மானத்தை மட்டும் எடுத்துவிட வேண்டும். கையிலிருந்து போகாத பணத்தைச் செலவென்று எழுதினால் எந்தப் பொதுக் கட்டடமும் தேறாது.

பேரேடு

கையிலிருந்து போகவில்லை, இன்னும் போகவில்லை என்பதுதான் சரி. அமெரிக்காவின் அரசுக் கணக்கியல் தரநிலை வாரியம் 1999இல் வெளியிட்ட 34ஆவது அறிக்கையில், சாலை, பாலம் உள்ளிட்ட சொத்துகளின் தேய்மானத்தை உள்ளாட்சிகள் கணக்கில் காட்ட வேண்டும் என்றது இதனால்தான். பராமரித்து வருவதை நிரூபித்தால் வேறு வழியில் காட்டவும் அனுமதித்தது. அறிக்கையிலிருந்து தேய்மானக் கணக்கை நீக்கினால் கூடம் தேறும். முப்பது ஆண்டு கழித்து அதை இடித்துக் கட்ட வேண்டிய மன்றம் தேறாது.

செங்கல்

அப்படியானால் வடிகாலும் தேறாது, தெருவும் தேறாது. அவற்றுக்கும் இதே அறிக்கையைக் கேட்பீர்களா?

பேரேடு

கேட்பேன். வடிகால் நட்டம் என்று அறிக்கை சொன்னால், வரியை உயர்த்திக் கட்டுவோம், அது இல்லாமல் மனிதர் வாழ முடியாது. கூடம் நட்டம் என்று சொன்னால் கட்டமாட்டோம். இரண்டுக்கும் ஒரே தாள்தான், முடிவுதான் வேறு. வீட்டு வரியைப் பற்றி நான் பேசவில்லை என்று கேட்டீர்களே, அதற்கும் இதுவே பதில்: வடிகாலுக்காக உயர்த்தச் சொல்லுங்கள், தீர்மானத்தை நானே வழிமொழிகிறேன்.