பந்து பொறுக்கிப் போட்ட பொண்ணு

குழு: நம்ம வீடு
சனி, இரவு 8:42

மாமா: [ஃபார்வர்டு] 355 டெஸ்ட் விக்கெட் எடுத்த ஒரே இந்தியப் பெண் ஜூலன் கோஸ்வாமி!! பெருமையுடன் பகிருங்கள்!!

நான்: மாமா அதை டெலீட் பண்ணிடுங்க 😄 355 மூணும் சேர்த்து. ஒருநாள்ல 255, டி20ல 56, டெஸ்ட்ல 44தான்.

மாமா: இருபது வருஷத்துல 44ஆ?

நான்: ஆட விட்டாதானே? 2002ல இருந்து 2022 வரைக்கும் மொத்தமே 12 டெஸ்ட். நடுவுல 2014 நவம்பர்லேர்ந்து 2021 ஜூன் வரைக்கும் நம்ம பொண்ணுங்களுக்கு டெஸ்டே கிடையாது.

மாமா: அநியாயம்

நான்: அந்தப் பன்னெண்டுலயும் 2006 டான்டன் டெஸ்ட்ல பத்து விக்கெட். 33 ரன்னுக்கு 5, 45 ரன்னுக்கு 5. இங்கிலாந்துல போய் நம்ம பெண்கள் அணி ஜெயிச்ச முதல் டெஸ்ட் அது. இதைத்தான் மாமா ஃபார்வர்டு பண்ணணும்.

சித்தி: போதும்டி, அம்மு காதுல விழப்போகுது

அம்மு: அம்மா நான் குரூப்லதான் இருக்கேன் 🙄

சித்தி: போன வாரம் அந்தப் பசங்க "ஸ்லோவா போடற, போய் ஃபீல்டிங் நில்லு"ன்னாங்கன்னு அழுதுட்டு வந்தது யாரு?

நான்: சித்தி, ஜூலனுக்கும் இதே கதைதான். மேற்கு வங்கத்துல சக்தஹா. தெருப் பசங்க இவ பந்து வேகமே இல்லன்னு கையிலயே கொடுக்க மாட்டாங்களாம். 1997 உலகக் கோப்பை ஃபைனல் ஈடன் கார்டன்ஸ்ல நடந்தப்போ பவுண்டரி கோட்டுல பந்து பொறுக்கிப் போட நின்ன பொண்ணு. அப்போ வயசு 15.

பாட்டி: அங்கேர்ந்து கல்கத்தா எப்டி போச்சு

நான்: விடியக்காலை ரயில் பாட்டி. வீட்ல படிக்கச் சொன்னாங்க, இவங்க ரயிலைப் பிடிச்சாங்க. அஞ்சே வருஷத்துல இந்திய அணி. முதல் ஒருநாள் ஆட்டம் நம்ம சென்னையிலதான், 2002 ஜனவரி.

மாமா: அட, தெரிஞ்சிருந்தா போயிருப்பேனே

சித்தி: நீங்க போயிருக்க மாட்டீங்கண்ணா

அம்மு: அக்கா லேனிங் பால் பத்தி சொல்லு!!

நான்: 2017 உலகக் கோப்பை செமி ஃபைனல். ஆஸ்திரேலியா கேப்டன் மெக் லேனிங். பந்து உள்ள வர்ற மாதிரியே வந்துச்சு. விழுந்ததும் லேசா வெளிய திரும்பிச்சு, அவ்ளோதான். பேட்டைத் தாண்டிப் போய் ஆஃப் ஸ்டம்ப். ரன்னே எடுக்காம அவுட். அன்னிக்கு ஹர்மன்ப்ரீத் 171 அடிச்சதால இந்தப் பந்தை யாரும் பேசறதே இல்ல. எனக்கு அதுல இன்னும் கோவம்.

மாமா: லார்ட்ஸ்ல நடந்த ஃபைனல் ஞாபகம் இருக்கு. 9 ரன்ல தோத்தோம். டிவியை அணைச்சுட்டு மொட்டைமாடிக்குப் போய்ட்டேன்

நான்: அதுலயும் ஜூலன் 10 ஓவர், 23 ரன், 3 விக்கெட். அதுக்கு மேல ஒரு பவுலர் என்ன பண்ணுவா?

சித்தி: அப்போ உலகக் கோப்பையே இல்லாமத்தான் ரிட்டயர் ஆனாங்களா?

நான்: ஆமா சித்தி. 2022 செப்டம்பர், அதே லார்ட்ஸ். பேட்டிங் வந்தப்போ இங்கிலாந்துக்காரங்க வரிசையா நின்னு கைதட்டினாங்க. முதல் பால்லயே போல்டு 😂 அப்புறம் பந்து போட்டு ரெண்டு விக்கெட். இங்கிலாந்தோட கேட் கிராஸ் ஸ்டம்ப் பறந்தது, அதான் ஒருநாள்ல 255வது.

மாமா: நம்ம பொண்ணுங்க உலகக் கோப்பை ஜெயிச்சது... சரியா சொல்லு, 2025 நவம்பர்தானே?

நான்: 2ஆம் தேதி, நவி மும்பை. நம்ம டீம் கோப்பையைக் கொண்டுபோய் ஜூலன், பழைய கேப்டன்கள் மிதாலி, அஞ்சும் கையில கொடுத்துச்சு.

சித்தி: அதை நான் பார்த்தேன். ஜூலன் அழுததும் எனக்கும் தாங்கல.

அம்மு: அப்போ அம்மா நாளைக்கு???

பாட்டி: எத்தன மணிக்கு போணும்

அம்மு: 5:30 பாட்டி

சித்தி: ஷூவைத் தொடைச்சு வைன்னு காலைலேர்ந்து கத்தறேன். சேறு அப்படியே வாசல்ல கெடக்கு. போனை வெச்சுட்டுப் போ முதல்ல.