சம்பா ஷெயாரில குரூப் போட்டும் ஆக்கள் பிரிபடுகினமில்லை

கேள்வி (கொக்குவில்):
கந்தோரில உபுண்டு (லினக்ஸ்) சேர்வரில சம்பா ஓடுது, அதுதான் லினக்ஸ் போல்டரை விண்டோஸுக்குப் பகிர்ந்து குடுக்கிற மென்பொருள். 14 விண்டோஸ் மெசின். 'அக்கவுண்ட்ஸ்' ஷெயாருக்குள்ள (பகிர்ந்த போல்டருக்குள்ள) நாலு பேர் மட்டும்தான் போகவேணும். லினக்ஸில குரூப் செய்து, போல்டருக்கு 770 (சொந்தக்காரருக்கும் குரூப்புக்கும் மட்டும் முழு உரிமை) குடுத்தாச்சு. இப்ப ஒராளுக்கு அக்சஸ் டினைட். ஒராள் செய்த பைலை மற்றாள் திருத்தேலாது. குரூப்பால எடுத்துவிட்ட ஆள் இன்னும் உள்ள போய்வாறார்!

பதில் 1 (நல்லூர்):
சம்பாவில ரெண்டு படலை. ஷெயார் செற்றிங் ஒண்டு, லினக்ஸ் பெர்மிஷன் மற்றது. ரெண்டும் விட்டால்தான் உள்ள போகலாம். ஷெயாரில 'வேலிட் யூசர்ஸ் = @அக்கவுண்ட்ஸ்' எண்டு போடுங்கோ. அந்த @ விடுபட்டால் அதை ஒரு யூசரின்ர பேரா எடுக்கும். பிறகு செற்றிங் பிழையைக் காட்டுற 'டெஸ்ட்பாம்' கட்டளையை ஓட்டிப் பாருங்கோ.

டினைட் வாற ஆளுக்கு லினக்ஸ் அக்கவுண்ட் மட்டும்தான் இருக்குதுபோல. சம்பாவுக்குப் பாஸ்வேர்ட் பட்டியல் வேற. 'எஸ்எம்பி-பாஸ்வேர்ட் மைனஸ் ஏ' (smbpasswd -a) குடுத்துத்தான் சேர்க்கவேணும். உபுண்டுவில 'மேப் டு கெஸ்ட் = பேட் யூசர்' எண்டு முதலே கிடக்கும். அதால பட்டியலில இல்லாத ஆளை கெஸ்ட்டா மாத்திப்போட்டு, பாஸ்வேர்ட் பிழை எண்டு சொல்லாமல் டினைட் எண்டு காட்டும். பட்டியலில இருந்தால் 'ஐடி' கட்டளை குடுத்து அவர் எந்தக் குரூப்பில எண்டு பாருங்கோ. ஆளைக் குரூப்பில சேர்க்கிற 'யூசர்மொட்' கட்டளையில சின்ன 'ஏ'யை விட்டு வெறும் பெரிய 'ஜி' குடுத்திருந்தால் பழைய குரூப்பெல்லாம் போயிருக்கும்.

பதில் 2 (சுன்னாகம்):
பைல் பிரச்சினைக்கு 770 காணாது. புதுப் பைல் எழுதினவரின்ர சொந்தக் குரூப்பில விழும். அதோட சம்பாவின்ர கிரியேட் மாஸ்க் (புதுப் பைலுக்கு எந்த உரிமை விடலாம் எண்ட செற்றிங்) மாத்தாட்டி 0744, குரூப்பின்ர எழுதுற உரிமையை வெட்டிவிடும். போல்டருக்கு 2770 (முன்னுக்கு வாற 2 புதுப் பைலைப் போல்டரின்ர குரூப்பிலயே விழுத்தும்), சம்பாவில 'கிரியேட் மாஸ்க் = 0660', 'டிரெக்டரி மாஸ்க் = 2770' எண்டு போடுங்கோ. பழசுகளுக்கு முதல் குரூப்பை மாத்தி, போல்டருக்கு 2770, பைலுக்கு 660 எண்டு தனித்தனியாக் குடுங்கோ. சோம்பல்பட்டு எல்லாத்துக்கும் 2770 அடிக்காதேங்கோ.

'போர்ஸ் குரூப்' போடச் சொல்லுவினம். வேலிட் யூசர்ஸ் இல்லாமல் அதைப் போட்டால் வாற எல்லாரும் அந்தக் குரூப் ஆகிவிடுவினம், லினக்ஸ் படலையும் திறந்தமாதிரி.

பதில் 3 (நல்லூர்):
எடுத்துவிட்ட ஆள்: குரூப் பட்டியலை லொகின் நேரம் மட்டும்தான் பாக்கும், பழைய செஷனில பழைய உரிமைதான். 'எஸ்எம்பி-ஸ்டேட்டஸ்' (smbstatus) அடிச்சால் இப்ப உள்ள நிக்கிற ஆக்களைக் காட்டும், அதில அவரின்ர பிஐடியை (அந்தக் கனெக்ஷனின்ர நம்பர்) எடுத்துக் கில் பண்ணுங்கோ. எக்செல் திறந்திருந்தால் முதல் சேவ் பண்ணச் சொல்லுங்கோ. எஸ்எம்பி-ஸ்டேட்டஸில அவரின்ர மெசினுக்கு வேற ஆளின்ர பேர் காட்டினால், அந்த மெசினில மற்றவரின்ர பாஸ்வேர்ட் சேவ் ஆகிக் கிடக்கு. விண்டோஸ் பாஸ்வேர்ட் சேமிக்கிற கிரெடென்ஷியல் மனேஜரில அழியுங்கோ. ஒரே சேர்வருக்கு ரெண்டு பேரில போனால் விண்டோஸ் 1219 பிழை காட்டும், 'நெட் யூஸ்'ஸில பழைய கனெக்ஷனை வெட்டினால் சரி.

கேட்டவர்:
டினைட் வந்த ஆளின்ர பேரே சம்பாவின்ர பாஸ்வேர்ட் பட்டியலில இல்லை அண்ணை, சேர்த்தாச்சு. மற்றவையின்ர கண்ணுக்கு ஷெயார் தெரியாமல் செய்யேலுமோ?

பதில் 4 (நல்லூர்):
'அக்சஸ் பேஸ்ட் ஷெயார் ஈனம் = எஸ்'. ஆனா அது மறைக்க மட்டும்தான், பூட்டு இல்லை.